இருபத்துமூன்று பாகை

டோல்கேட்டில் மெட்ரோ ஏறினால் அடுத்த நிலையம் காலடிப்பேட்டை. கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். அந்த நேரத்துக்குள் கையிலிருந்த பழுப்பு உறையை நான்கு முறை திறந்து மூடினேன். நான்காவது முறை மூடியபோது வண்டி காலடிப்பேட்டையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வந்திருக்கலாம். அப்படிச் செய்பவனாக இருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது. கடைசி நிலையம்வரை போனேன். பெட்டியைப் பெருக்க வந்த அம்மா துடைப்பத்தோடு என் காலருகே நின்றார்.

"இன்னா நைனா, எறங்கலியா? இத்தோட முடிஞ்சிச்சு."

உறைக்குள் என் மகளின் இடுப்பு இருந்தது. கருப்பு வெள்ளையில், பெரிய பிலிமில். கூடவே ஒரு தாள். தாளில் நிறைய வாக்கியங்கள் இருந்தாலும் நான் படித்தது ஓர் எண்ணை மட்டும். இடது பக்கம், இருபத்துமூன்று பாகை. போன வருடம் அது பதினெட்டு.

அவள் இடது இடுப்பில் கிண்ணம் ஆழமில்லாமல் பிறந்தவள். தொடையெலும்பின் பந்து போய் உட்கார வேண்டிய கிண்ணம், மேல்கூரை சரிந்து, தட்டு மாதிரி இருந்தது. அது எங்களுக்குத் தெரியவில்லை. நடக்க ஆரம்பித்தபோது கொஞ்சம் ஆடி ஆடி நடந்தாள். கடலில் நிற்கிற கப்பல் மாதிரி நடக்கிறாள், அப்பன் தொழில் காலிலேயே வந்துவிட்டது என்று நானே நாலு பேரிடம் பெருமையடித்தேன். அந்த நாலு பேரில் ஒருவராவது குழந்தைகள் மருத்துவராக இருந்திருக்கலாம். இல்லை. நாற்பத்தைந்து வயதில் பிறந்த ஒரே பிள்ளை என்பதால் அவள் எது செய்தாலும் எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. அந்த அழகுக்குப் பெயர் வைத்து அறுவை சிகிச்சை நிபுணர் சொன்னபோது அவளுக்கு வயது மூன்றரை.

நாலு வயதில் அறுத்தார்கள். கிண்ணத்துக்கு மேலே இடுப்பெலும்பை வெட்டி, கூரையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, வெட்டிய இடைவெளியில் அவளுடைய எலும்பிலிருந்தே எடுத்த ஒரு துண்டை ஆப்பு மாதிரிச் செருகி, இரண்டு கம்பி வைத்தார்கள். "மூடி சரியா உக்காராட்டி விளிம்பைத் தட்டி வளைப்போம்லா, அதேதான்" என்று தன் அண்ணனுக்கு போனில் விளக்கினாள் என் மனைவி. அவள் தூத்துக்குடிப் பக்கத்து வியாபாரக் குடும்பம். காலடிப்பேட்டைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கிறாள். மருத்துவர் அரைமணி நேரம் படம் போட்டுச் சொன்னதை அவள் ஒரு வரியில் முடித்தது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பிறகு ஆறு வாரம் மாவுக்கட்டு. நெஞ்சுக்குக் கீழிருந்து ஒரு கணுக்கால்வரை, இன்னொரு பக்கம் முட்டிவரை. அவளை நகர்த்த இரண்டு பேர் வேண்டும். மேசையைத் தூக்குவதுபோல் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்குவோம். உள்ளே அரிக்கும். கை போகாது. எதையும் விட்டுச் சொறியக் கூடாது என்று உத்தரவு. ஜன்னலோரம் படுக்க வைத்தால் தெருமுனையில் போகும் கன்டெய்னர் லாரிகளின் நிறங்களைச் சொல்லிக்கொண்டே இருப்பாள், அரிப்பு வரும்போது மட்டும் நிறம் தப்பிப் போகும். கட்டை வெட்டி எடுத்த அன்று அதற்கு 'கல்லு டிரஸ்' என்று பெயர் வைத்தாள். இப்போது ஆறு வயது. வேறெதையும் பெரிதாகக் கேட்கமாட்டாள். எக்ஸ்ரேக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்பாள்: "கல்லு டிரஸ் போடுவாங்களா?"

மாட்டார்கள் என்று அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலும் சொல்லித்தான் கூட்டிப் போயிருந்தேன். அவளை வீட்டில் விட்டுவிட்டு, மாலையில் உறையை வாங்க நான் மட்டும் போனேன்.

எண்ணின் கணக்கு சுலபம். படத்தில் இரண்டு இடுப்பையும் சேர்த்துக் குறுக்கே ஒரு கோடு. கிண்ணத்தின் கூரையோடு ஒட்டி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவிலுள்ள கோணம் சின்னதாக இருந்தால் கூரை நன்றாக மூடியிருக்கிறது, பந்து நழுவாது. பெரிதானால் கூரை சரிகிறது. அறுப்பதற்கு முன் முப்பத்தாறு. அறுத்த பின் இருபது. போன வருடம் பதினெட்டு. "பிள்ளை வளர வளரக் குறைஞ்சுகிட்டே வரணும். திரும்ப ஏறினா மறுபடி உள்ளே போய்ச் சரி பண்ற மாதிரி இருக்கும்" என்று அப்போதே சொல்லியிருந்தார் மருத்துவர். இப்போது ஏறியிருக்கிறது. மருத்துவரோ வெளியூர் போயிருந்தார். திங்கட்கிழமைதான் பார்ப்பார். படத்தை மொபைலில் எடுத்து அவருடைய உதவியாளருக்கு அனுப்பினேன். "பிலிமைக் கொண்டு வாங்க" என்று பதில் வந்தது. அந்த மூன்று சொற்களை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எவ்வளவு யோசிக்க முடியும் என்பதற்கு நான் அந்த வாரம் ஆராய்ச்சியே செய்தேன்.

மனைவி தாளை ஒருமுறை படித்தாள். மடித்து உறைக்குள் வைத்தாள். உறையை அலமாரிக்கு மேலே வைத்தாள். "திங்கக்கிழமை பாத்துக்கலாம்" என்றாள். கடைக்குப் போய்விட்டாள்.

என்னால் அது முடியாது. புதன்கிழமை காலையில் அலமாரி மேலிருந்து உறையை எடுத்து, பிலிமை ஜன்னல் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டி, பக்கத்து வீட்டுப் பையனின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியை வாங்கி வந்து நானே அளந்தேன். முதல் தடவை இருபத்தாறு. இரண்டாவது இருபது. மூன்றாவது முறை முப்பத்தொன்று வந்தபோது பாகைமானியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தொழில்முறையில் நான் அளவு பார்க்கிறவன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். எண்ணூர்த் துறைமுகத்துக்கு வரும் நிலக்கரிக் கப்பல்கள் எவ்வளவு தண்ணீருக்குள் அமுங்கியிருக்கின்றன என்று, முன்னும் நடுவும் பின்னும் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்களைப் படித்து, உள்ளே எவ்வளவு கரி இருக்கிறது என்று கணக்குச் சொல்லும் சர்வேயர். வள்ளூர் அனல்மின் நிலையத்தில் எரிகிற கரியில் கொஞ்சம் என் கண் வழியாகப் போனதுதான். மலை மாதிரிக் கப்பலைக் கண்ணாலேயே அளப்பவனுக்கு உள்ளங்கை அகல இடுப்பு பிடிகொடுக்கவில்லை.

வியாழக்கிழமை அவளை நடக்கவிட்டுப் பின்னால் நின்று பார்த்தேன். இது என் பழைய வியாதி. கட்டுப் பிரித்த நாளிலிருந்து தெருவில் அவளுக்கு நான்கடி பின்னால்தான் நடப்பேன். இடுப்பு இரண்டும் சமமாக ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே போவேன். பார்க்கிறவர்கள் நான் ஏதோ பிணக்கில் பின்தங்கி வருவதாக நினைத்துக்கொள்வார்கள். வீட்டில் அதற்குக் காரணம் வேண்டும். தண்ணீர் கொண்டு வரச் சொன்னேன். செய்தித்தாள் கொண்டு வரச் சொன்னேன். பேனா கேட்டேன். இன்னொரு பேனா கேட்டேன்.

"உனக்கு எத்தனை பேனாப்பா வேணும்?"

"இது எழுதல."

"நீ எழுதிப் பாக்கவே இல்லியே." கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "கல்லு டிரஸ்ஸா?"

இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நொடி அதிகமாகிவிட்டது. அந்த ஒரு நொடியை அவள் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு மதியம் அவள் சாப்பிடவில்லை. கடையிலிருந்து வந்த மனைவி இரண்டு பேரையும் பார்த்தாள்.

"ஏங்க, ஒரு இடத்துல இருக்கமாட்டீங்களா? நீங்க அலையுததைப் பாத்தே பிள்ளை பாதி பயந்துட்டா."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சொன்னாத்தானா? வீட்டுக்குள்ள எக்ஸ்ரே மிஷின் மாதிரி சுத்திச் சுத்தி வந்தா?"

வெள்ளிக்கிழமை வேலை வந்தது, நல்லதாகப் போயிற்று. கரைத்தளத்தில் ஒரு கரிக்கப்பல் கட்டியிருந்தது. கடல் பக்கத்து எண்களைப் படகில் போய்த்தான் படிக்க வேண்டும். படகோட்டி காசிமேட்டுக்காரர், பத்து வருடப் பழக்கம். நான் அவரை மாமு என்பேன், அவரும் என்னை மாமு என்பார். யாருக்கு யார் மாமு என்று இதுவரை முடிவாகவில்லை.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. எண்களைப் படிப்பதற்கு முன், கப்பலுக்கு நேர் முன்னால் கொஞ்ச தூரத்தில் படகை நிறுத்தி, அது எந்தப் பக்கமாவது சாய்ந்திருக்கிறதா என்று வெறுங்கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொள்வேன். சாய்ந்திருந்தால் ஒரு பக்கத்து எண் கூடும், மறுபக்கத்து எண் குறையும். கணக்கில் அதற்கு வழி இருக்கிறது, கண்ணால் பார்க்க வேண்டிய கட்டாயமில்லை. இருந்தாலும் பார்ப்பேன். அன்றைக்குப் பார்த்தேன். மனசு வேறெங்கோ இருந்தது.

"இடது பக்கம் நல்லா சாஞ்சிருக்கு மாமு" என்றேன்.

"எது, கப்பலா?" மாமு பீடியை எடுத்துக் காதில் செருகினார். "கப்பல் கம்முனு கீது. நாமதான் இன்னும் நேரா வரல. நங்கூரத்தப் பாரு. இந்தாண்ட ஒண்ணு பெரீசா தெர்து, அந்தாண்ட ஒண்ணு பாதிதான் தெர்து. ரெண்டும் ஒண்ணா தெரிஞ்சாதானே நேரு? பத்து வருசமா நீதான் எனக்குச் சொல்லிகினு கீற. இன்னிக்கி இன்னா ஆச்சு உனக்கு?"

படகு நகர்ந்தது. இரண்டு நங்கூரமும் ஒரே அளவுக்கு வந்தன. சாய்வு போய்விட்டது.

நான் மொபைலை எடுத்தேன். படத்தைத் திறந்தேன். இடுப்பெலும்பின் அடிப்பாகத்தில், இரண்டு பக்கமும், கண் மாதிரி இரண்டு பெரிய துளைகள் இருக்கும். எல்லோருக்கும் இருக்கும். போன வருடப் படத்தில் அவை இரண்டும் ஒரே அளவு. இந்தப் படத்தில் ஒன்று நன்றாகத் திறந்திருந்தது. இன்னொன்று ஒடுங்கிப் போயிருந்தது. மூன்று நாளாக ஜன்னலில் ஒட்டி வைத்துப் பார்த்த படம். எண்ணைத் தவிர எதையும் நான் பார்த்திருக்கவில்லை.

படத்தில் பிள்ளை நேராக இல்லை. திரும்பியிருக்கிறாள்.

யார் திருப்பியது என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் எக்ஸ்ரே அறையில் எனக்கு ஈயம் வைத்த அங்கியை மாட்டி, காலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். சின்னப் பிள்ளைகள் அசைவார்கள், பெற்றவர்களில் ஒருவர் பிடிப்பது வழக்கம். படமெடுக்கும் அம்மா ராயபுரத்துக்காரர், ஐம்பதை நெருங்குகிறவர். "லேசா புடி நைனா, இளுக்காத" என்றார். நானும் லேசாகத்தான் பிடித்தேன். ஆனால் மல்லாந்து படுத்திருந்த அவளுடைய வலது பாதம் கூரையைப் பார்த்தது, இடது பாதம் மட்டும் கொஞ்சம் வெளிப்பக்கமாகச் சரிந்து சுவரைப் பார்த்தது. என் தொழில் புத்தி அதைப் பொறுக்கவில்லை. இடதும் வலதும் சமமாக இருந்தே தீர வேண்டும் எனக்கு. இடது பாதத்தை உள்பக்கமாக முறுக்கி, இரண்டு கட்டைவிரலும் பக்கத்துப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும்படி, மிக அழகாக நிறுத்திவைத்தேன். முறுக்கு தாங்காமல் அவள் இடது பக்கத்தை மேசையிலிருந்து லேசாகத் தூக்கியதை அப்போது பார்த்தேன். பார்த்துவிட்டு, "அசையாத கண்ணு" என்றும் சொன்னேன்.

விரல்களை நேராக்கி இடுப்பைக் கோணலாக்கியிருந்தேன்.

அன்று கப்பலின் எண்களை மூன்று முறை படித்தேன்.  கரைக்கு வந்து இறங்கும்போது மாமு, "வூட்ல எதுனா பேஜாரா?" என்றார். தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. மருத்துவம் படித்த ஒருவர் எண்ணைப் பார்த்து எழுதியிருக்கிறார், கரி அளக்கிறவன் நங்கூரத்தைப் பார்த்து அதை மறுக்கிறான். இந்த இரண்டில் எதை நம்புவது என்று என்னை யாராவது கேட்டால் கரிக்காரனை நம்பாதே என்றுதான் சொல்வேன். பயந்துபோன தகப்பனுக்கு மேகத்தில்கூடத் துளை தெரியும். தப்பு என்னுடையதாக இருந்தால் மகளின் எலும்பு பத்திரமாக இருக்கிறது. என் மேல் தப்பில்லை என்றால் மறுபடி வெட்டு, ஆப்பு, கம்பி, கல்லு டிரஸ். ஐம்பத்தோரு வருட வாழ்க்கையில் நான் முட்டாளாக இல்லாமலிருக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதல்முறையாக முட்டாளாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். யாரிடம் வேண்டினேன் என்றுகூடச் சரியாகத் தெரியாது. படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு மாதா சொரூபம் இருக்கிறது. வீட்டுக்குப் போகிற வழியில் ஒற்றியூர்க் கோயில் கோபுரம். இரண்டு இடத்திலும் நடையைக் கொஞ்சம் குறைத்தேன்.

மனைவியிடம் ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னேன். குக்கர் மூடிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் படத்தைக் காட்டி, துளைகளைக் காட்டி, நங்கூரத்தைச் சொல்லி, கடைசியில் காலை முறுக்கியதைச் சொன்னேன். ஒரு மூடியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ கட்டுக் கிடையாதா?"

"இருக்காதுன்னு நினைக்கிறேன். நிச்சயமில்ல."

"நீங்க முறுக்கினது நிச்சயமா?"

"அது நிச்சயம்."

"அது போதும்" என்றாள். அவள் அந்த வாரத்தில் முதல்முறையாக உட்கார்ந்ததை அப்போதுதான் கவனித்தேன். கடை, வீடு, கடை என்று அவளும்தான் அலைந்திருக்கிறாள். பாத்திரக் கடைக்காரி என்பதால் கையில் எப்போதும் ஏதாவது இருந்தது, எனக்கு அது அலைச்சலாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை மருத்துவர் பிலிமை வெளிச்சப் பெட்டியில் செருகினார். நான் தாளை நீட்டினேன். வாங்கவில்லை. போன வருடப் படத்தைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் செருகினார். பேனாவின் பின்பக்கத்தால் தொடையெலும்பின் உள்விளிம்பிலிருந்து அந்தத் துளையின் மேல்விளிம்புவரை காற்றில் ஒரு வில் வரைந்தார். அது உடையாமல் ஓட வேண்டும், ஓடினால் பந்து இடத்தில் இருக்கிறது என்று அறுவைக்கு முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார். மறுபக்கமும் வரைந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"யார் காலைப் பிடிச்சது?"

தப்பு என்னுடையதுதான் என்று தெரிந்தால் பெரிய விடுதலையாக இருக்கும் என்று மூன்று நாளாக நினைத்திருந்தேன். கேள்வி வந்ததும் பள்ளிக்கூடத்தில் கண்ணாடி உடைத்தவன் மாதிரி ஆகிவிட்டது. மனைவி என்னைப் பார்க்கவில்லை. மகள்தான் விரலை நீட்டினாள்.

"அப்பா."

"படம் திரும்பியிருக்கு. இதுல கோணம் அளந்தா எதுவும் சொல்ல முடியாது, நல்லதும் சொல்ல முடியாது, கெட்டதும் சொல்ல முடியாது" என்றார் மருத்துவர். "மறுபடி எடுங்க. எடுத்து எனக்கு அனுப்புங்க. அதைப் பாத்துட்டுப் பேசலாம்."

எனவே விடுதலை இன்னும் வரவில்லை. முட்டாள் என்பது மட்டும் உறுதியாகியிருந்தது.

அன்று மாலையே டோல்கேட்டில் அதே எக்ஸ்ரே அறை. அதே ராயபுரத்து அம்மா. சீட்டைப் படித்துவிட்டு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"அன்னிக்கே சொன்னேனா இல்லியா, இளுக்காதன்னு?"

"இழுக்கலை. முறுக்கினேன்."

"ஆங், அது வேறயா? நைனா, நீ வெரலப் பாத்துகினு இருந்தே. வெரலா பாக்கச் சொன்னேன்? முட்டி மேல்பக்கமா பாத்துகினு இருந்தா போதும், அவ்ளோதான். பாதம் எங்கனா போவட்டும். இன்னா வேல பாக்குற நீ?"

"கப்பல் அளக்கிற வேலை."

"அத்தாங்காட்டியும்" என்றார். ஈய அங்கியை எனக்கு நீட்டாமல் என் மனைவிக்கு மாட்டினார். "நீ வெளிய இரு. பாப்பா, உங்கப்பன வெளிய தள்ளிட்டேன், இப்போ ஆட மாட்டல்ல?"

"நான் அன்னிக்கும் ஆடலியே" என்றாள் மகள்.

கதவு மூடியது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. நடைபாதையில் முன்னும் பின்னும் நடந்தேன். பத்தொன்பது எட்டு போக, பத்தொன்பது எட்டு வர. பெஞ்சில் கையில் கட்டுப் போட்ட ஒருவர் காலை மடக்கி எனக்கு வழிவிட்டுக்கொண்டே இருந்தார், கடைசியில் அலுத்துப்போய்க் காலை நிரந்தரமாகவே உள்ளே இழுத்துக்கொண்டார். விளக்கு அணைந்தது.

படம் கணினித் திரையில் வந்ததும் அந்த அம்மா உள்ளே கூப்பிட்டார். நான் எண்ணைத் தேடவில்லை. அடியில் இருந்த இரண்டு துளைகளைப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவில் என்னைப் பார்த்தன. பிறகுதான் கூரையைப் பார்த்தேன், பார்த்து ஒன்றும் புரியவில்லை. அளந்து எழுதும் மருத்துவர் வரும்வரை முக்கால் மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மகள் என் மடியில் ஏறிக்கொண்டாள்.   தாள் வந்தது.

பதினேழு.

அதை அனுப்பிவைத்தேன். மருத்துவரே பதில் போட்டார்: "நல்லா இருக்கு. அடுத்த வருஷம் எடுத்தா போதும்." கீழே இன்னொரு வரி வந்தது: "அம்மா பிடிக்கட்டும்."

மனைவி அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். அப்புறம் மகளிடம் குனிந்து, "கல்லு டிரஸ் கிடையாது" என்றாள். அவள் உடனே நம்பவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். நான் இந்தத் தடவை அந்த ஒரு நொடியை விடாமல் உடனே தலையாட்டினேன். வேண்டிய அளவுக்குமேல் வேகமாக ஆட்டியிருப்பேன் போலிருக்கிறது, பெஞ்சிலிருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

காலடிப்பேட்டையில் சரியாக இறங்கினோம். படியிறங்கித் தெருவுக்கு வந்ததும், பழக்கம் போகுமா, நான் நான்கடி பின்னால் நின்றேன். அவள் இடுப்பு ஏறியது, இறங்கியது. சமமாகத்தான். இருந்தாலும் இன்னொருமுறை பார்த்துவிடலாம் என்று கண்ணைக் கூர்மையாக்கினேன். அவள் நின்றாள். திரும்பினாள்.

"பின்னாடி வராதப்பா. நீ முன்னாடி போ."

போனேன். கடைத்தெரு முழுக்க நான் முன்னால், அவர்கள் இருவரும் பின்னால். எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உறையை இடது கக்கத்தில் வைத்தேன், பிறகு வலதில் வைத்தேன். பின்னாலிருந்து பேச்சுக் கேட்டது.

"அம்மா, அப்பா ஒரு பக்கமா சாஞ்சு நடக்குறாரு."

"அவரு எப்பவும் அப்படித்தான் நடக்காரு. நேராப் போங்க, லாரி வருது."